பெட்டி வாங்கப் போன கதை

மக்காச்சோளத்தை அடிச்சு மூட்டை பிடிச்சு அனுப்பின கையோட, மாடு ரெண்டையும் பக்கத்துத் தோட்டத்து அண்ணன்கிட்ட ஒப்படைச்சிட்டு அமெரிக்கா போயிட்டு வந்தேன். ஒன்றரை மாசமா இங்கே பதிவு எதுவும் வராததுக்குக் காரணம் அதுதான். அங்கே பனியைப் பார்த்தேன், உறைஞ்சு போன ஏரி மேல கார் ஓட்டுறதைப் பார்த்தேன். அதையெல்லாம் நிறையப் பேர் எழுதிட்டாங்க. நான் ஒரு பெட்டி வாங்கப் போன கதையைச் சொல்றேன்.

அக்கா மகன் மின்னசோட்டா மாநிலத்துல இருக்கான். கம்ப்யூட்டர் வேலை. அந்த ஊர் குடியுரிமை வாங்கி அஞ்சாறு வருஷம் ஆச்சு. எட்டு வயசுல ஒரு பொண்ணு. நான் கிளம்புறதுக்கு முந்தின நாள் அக்கா வந்து, ஊறுகாய் பாட்டிலையும் பருப்புப்பொடியையும் கொடுத்துட்டு, போகாம நின்னுட்டே இருந்துச்சு.

"தம்பி, அவன் துப்பாக்கி வாங்கி வெச்சிருக்கானாமா. ஒண்ணில்ல, ரெண்டு. பொட்டப் புள்ள வளர்ற வீடு. நான் போன்ல சொன்னா சிரிக்கிறான். நீ போயி நேர்ல சொல்லு. வித்துப்போடச் சொல்லு."

சரின்னேன். அக்கா எதை நினைச்சுப் பயப்படுதுன்னு எனக்குத் தெரியும். அதைப் பின்னாடி சொல்றேன்.

அங்கே போனதும் பேச்சை எடுக்கலாம்னு பார்த்தா, அவனே என்னைக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிட்டுப் போனான். செவுத்துல போல்ட் போட்டு இறுக்கின இரும்பு அலமாரி. உள்ளே ரெண்டு ரைஃபிள், மேலே தொலைநோக்கி மாட்டினது. தோட்டா வேற அலமாரியில, வேற பூட்டு. என்னைத் தொட விடலை. சுற்றுலா விசாவுல வந்தவன் துப்பாக்கியைக் கையில எடுக்க அந்த ஊர்ச் சட்டம் லேசுல விடாதாம்.

நவம்பர்ல மான் வேட்டை அந்த ஊர்ல திருவிழா மாதிரி. ஆபீஸே பாதி காலியாயிடும்னான். 1979-க்கு அப்புறம் பொறந்தவங்க துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி முடிச்சாத்தான் அங்கே வேட்டை லைசென்ஸ் கிடைக்கும். இவனும் வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதியிருக்கான். இப்போ ஆபீஸ் நண்பர் ஒருத்தரோட டெக்ஸாஸ் போறானாம், காட்டுப்பன்னி சுட. நண்பரோட சித்தப்பாவுக்கு அங்கே பண்ணை. பன்னின்னு கேட்டதும் நான் வந்த வேலையை மறந்துட்டேன். நம்ம பிரச்சினையும் அதுதானே!

"நானும் வர்றேன் மாப்ள. சுட வேண்டாம், பார்க்கிறேன்."

"வாங்க மாமா. ஆனா முதல்ல ஒரு பெட்டி வாங்கணும்" அப்படின்னான்.

ஏற்கனவே ஒரு பெட்டி இருந்துச்சு. மெல்லிசான பிளாஸ்டிக், நடுவுல ரெண்டு பூட்டு. போன வருஷம் அதை எடுத்துட்டு ஏர்போர்ட் போனப்ப கவுண்டர்லயே திருப்பி அனுப்பிட்டாங்களாம். ஏன்னு காட்டினான். ரெண்டு பூட்டையும் போட்டுட்டு, "அந்த மூலையைப் புடிச்சு இழுங்க மாமா"ன்னான். இழுத்தேன். நாலு விரல் நுழையுற அளவுக்கு மூடி தூக்கிக்கிட்டு வந்துச்சு. பூட்டு பூட்டினபடியே இருக்கு, துப்பாக்கிக் கட்டை கையில படுது.

விமானத்துல துப்பாக்கி கொண்டு போற விதிகளை அவன் ஒவ்வொண்ணாச் சொன்னான். கையில எடுத்துட்டுப் போக முடியாது, லக்கேஜ்ல மட்டும்தான் போடணும். உள்ளே தோட்டா இருக்கக்கூடாது. கெட்டியான பெட்டியில வெச்சுப் பூட்டணும். பூட்டினா எந்தப் பக்கத்துலயும் நெம்பித் திறக்க முடியாதபடி இருக்கணும். கவுண்டர்ல போய் "என்கிட்ட துப்பாக்கி இருக்கு"ன்னு வாயால சொல்லணும். தோட்டாவை உதிரியாப் போடக்கூடாது, அதுக்குன்னு செஞ்ச அட்டைப்பெட்டியில அடுக்கணும். விமானக் கம்பெனிங்க பொதுவா ஆளுக்கு 5 கிலோ வரைக்கும் விடுவாங்க. கடைசியா ஒண்ணு: அந்தப் பெட்டிச் சாவி பயணிகிட்ட மட்டும்தான் இருக்கணும். சோதனை பண்ணணும்னா அவனைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்லுவாங்க.

மறுநாள் கடைக்குப் போனோம். கடைன்னா நம்ம ரெகுலேட்டட் மார்க்கெட் குடோன் மாதிரி ரெண்டு இருக்கும். படகு, கூடாரம், தூண்டில் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. பெட்டிக்குன்னே ஒரு சந்து. சந்தையில மாட்டோட பல்லைப் புடிச்சுப் பார்க்கிற மாதிரி, மருமகன் ஒவ்வொரு பெட்டியையும் மூடி, கொக்கி போட்டு, நாலு மூலையிலயும் நெம்பிப் பார்த்தான்.

மூணு ரகம் இருந்துச்சு. முதல் ரகம், அவன்கிட்ட இருந்த மாதிரி மெல்லிசு. உள்ளே முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமா ஸ்பாஞ்ச். 50 டாலருக்குள்ள. ரெண்டாவது அலுமினியத் தகடு. பார்க்க ஜோராத்தான் இருக்கு. ஆனா விளிம்புல அடி விழுந்து நெளிஞ்சா மூடி சரியா உட்காராது. நம்ம வீட்டு ட்ரங்குப் பெட்டி கதைதான். மூணாவது, அச்சுல வார்த்த தடிப் பிளாஸ்டிக். பெலிகன்னு ஒரு கம்பெனி இதுக்குப் பேர் போனது, 1976-ல கலிபோர்னியாவுல ஆரம்பிச்சது. அதே மாதிரி வேற கம்பெனிங்களும் செய்யுறாங்க. விலை 300 டாலருக்குப் பக்கம். நம்ம காசுக்கு 25,000 ரூபாய்க்கு மேல. ஒரு காலிப் பெட்டிக்கு! கன்னுக்குட்டி வாங்கலாமேன்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டேன்.

"இதுல என்ன அப்படி இருக்கு?"ன்னு கேட்டேன். காட்டினான். மூடி உட்கார்ற இடத்துல சுத்தியும் ரப்பர் வளையம், குக்கர்ல இருக்கே, அதே மாதிரி. தூசி, தண்ணி போகாது. முன்பக்கம் சின்னதா ஒரு வால்வு. அது எதுக்குன்னா, விமானம் மேலே போறப்ப உள்ளே காத்தழுத்தம் ஏறக்குறைய ஊட்டி உயரத்துல இருக்கிற அளவுக்குக் குறைஞ்சிடும். அடைச்ச பெட்டியில மேலே அந்த மெல்லிசுக் காத்து தங்கிட்டா, கீழே இறங்கினதும் வெளிக்காத்து மூடியை அமுக்கிப் புடிச்சுக்கும், திறக்க வராது. வால்வு காத்தைச் சமப்படுத்திடும், ஆனா தண்ணியை உள்ளே விடாது. ஓரத்துல பூட்டு மாட்ட நாலு ஓட்டை, ஒவ்வொண்ணுக்கும் உள்ளே இரும்பு வளையம். நாலு ஓட்டை இருந்தா நாலு பூட்டும் போடணும். ஒண்ணை விட்டாலும் அந்த மூலை பலவீனம்தான்.

அளவுல ஏமாறக்கூடாதுன்னு வீட்டுலயே டேப் வெச்சு அளந்துட்டு வந்திருந்தான். துப்பாக்கி நாற்பத்துநாலரை அங்குலம். பெட்டி அட்டையில வெளியளவைப் பெருசா அச்சடிச்சிருப்பாங்க. நமக்கு வேண்டியது உள்ளளவு. நீளம் மட்டும் பத்தாது, தொலைநோக்கி மேலே துருத்திட்டு இருக்கிறதால உயரமும் அகலமும் வேணும். ரெண்டு துப்பாக்கியைத் தலைமாடு கால்மாடா மாத்திப் படுக்க வெச்சாத்தான் அடங்கும்.

அப்புறம் எடைக் கணக்கு. லக்கேஜ் ஒண்ணு 23 கிலோவைத் தாண்டினா தனிக்கட்டணம். பெட்டி மட்டும் 12 கிலோ. துப்பாக்கி தொலைநோக்கியோட 4 கிலோ, ரெண்டுக்கு 8. ஆக 20. பூட்டு, துடைக்கிற துணி எல்லாம் சேர்த்தா 21. இன்னும் பெரிய பெட்டி எடுத்தா தாண்டிடும். தோட்டா வேற சூட்கேஸ்ல. எடை போட்டு வியாபாரம் பண்றவனுக்கு இந்தக் கணக்கு ரொம்பப் புடிச்சுது.

சக்கரம் இருக்கிறதாப் பார்த்து எடுத்தான். பூட்டு நாலும் ஒரே சாவியில திறக்கிற செட்டா வாங்கினான். ஏர்போர்ட் அதிகாரிங்க மாஸ்டர் சாவி போட்டுத் திறக்கிற மாதிரியான பூட்டும் பக்கத்துலயே தொங்குச்சு. அதையும் போடலாம்னு விதி இருக்காம். ஆனா இவன் தொடலை. "எனக்குத் தெரியாம திறக்கிற இன்னொரு சாவி எதுக்குங்க மாமா?"ன்னான். துப்பாக்கிக் கம்பெனி ஸ்டிக்கர் இலவசமாக் கொடுத்தாங்க. அதை அங்கேயே குப்பையில போட்டான். உள்ளே என்ன இருக்குன்னு பெட்டி மேல எழுதி ஒட்டினா திருடனுக்கு வெத்தலை பாக்கு வெச்ச மாதிரின்னான்.

அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டு மேசையில ஸ்பாஞ்சை வெட்ட உட்கார்ந்தோம். பொண்ணு தூங்கிடுச்சு. துப்பாக்கியை ஸ்பாஞ்ச் மேல படுக்க வெச்சு பேனாவால சுத்திக் கோடு போட்டு, அதுக்கு ஒரு நூல் உள்ளே தள்ளி வெட்டணும். அப்பத்தான் ஆடாம இறுக்கிப் புடிச்சுக்கும். போல்ட்டைக் கழட்டி வைக்கத் தனிக்குழி. ரொட்டி அறுக்கிற பல்லுக்கத்தியால அறுத்துட்டு இருந்தவன், தலை நிமிராமலே கேட்டான்.

"மாமா, குதிருக்குப் பின்னாடி இருந்தது ஞாபகம் இருக்குங்களா?"

எங்க வீட்டுல அப்பாகிட்ட பயிர்ப் பாதுகாப்புக்குன்னு லைசென்ஸ் வாங்கின நாட்டுத் துப்பாக்கி ஒண்ணு இருந்துச்சு. குழல் வாயில மருந்தைப் போட்டுக் கம்பியால இடிச்சுக் கெட்டிக்கிற ரகம். தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைச்சு, முடிஞ்சதும் போய் வாங்கிட்டு வரணும். மத்த நாளெல்லாம் நெல்லுக் குதிருக்குப் பின்னாடி சாக்குல சுத்தி நிக்கும். அந்த ரகத்துல ஒரு சிக்கல், கெட்டிச்சதை லேசுல எடுக்க முடியாது. சுட்டுத்தான் காலி பண்ணணும். அதனால வெடிக்கிற கேப்பை மட்டும் எடுத்துட்டு, மருந்தோடயே வெச்சிருப்பார் அப்பா. கேப்பு இல்லாம வெடிக்காதுங்கிற தைரியம்.

1994 மே மாசம். அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான். ஒம்பது வயசு. நாங்க எல்லாரும் கடலைக்காட்டுல. வீட்டுல இருந்து சத்தம் கேட்டு ஓடி வந்தோம். உள்ளே ஒரே புகை. புள்ள சுவர் ஓரமா உட்கார்ந்திருக்கான், துப்பாக்கி குறுக்கே கிடக்கு, மேலே ஓடு ரெண்டு உடைஞ்சு வெளிச்சம் வருது. தேங்காய் நாருதான் வெச்சுக் கெட்டிச்சேன், ரவை போடவே இல்லைன்னு அப்பா சத்தியம் பண்ணினார். புள்ளைக்குப் புருவம் கருகினதோட சரி. அக்கா அன்னைக்கே பஸ் ஏறிப் போயிடுச்சு. மூணு வருஷம் பொங்கலுக்கும் வரலை, அப்பாகிட்ட பேச்சும் இல்லை. அப்பா துப்பாக்கியை ஸ்டேஷன்ல கொடுத்தவர் அதுக்கப்புறம் திரும்ப வாங்கவே இல்லை. எதுவும் சொல்லாமலே 2003-ல போய்ச் சேர்ந்துட்டார்.

இத்தனை வருஷமா நானும் ஒண்ணைச் சொல்லலை. அப்பா கேப்பு டப்பாவை எப்பவும் பெட்டியில பூட்டித்தான் வெப்பார். முந்தின நாள் ராத்திரி பன்னி விரட்ட அதை எடுத்துட்டுப் போனது நான். வந்த அசதியில திண்ணையில வெச்சிட்டுப் படுத்துட்டேன். காலையில அதை மறந்தே போயிட்டேன்.

அந்த மேசையில உட்கார்ந்து அதை அவன்கிட்ட சொன்னேன். சொல்லி முடிக்கிறதுக்குள்ள தொண்டை அடைச்சிடுச்சு.

"தெரியும் மாமா"ன்னான். "நீங்க வெச்சதைப் பார்த்துத்தானே எடுத்தேன்."

"ஏண்டா சொல்லலை?"

"உங்களையும் திட்டுவாங்கன்னுதான்."

ஒம்பது வயசுப் பையன் என்னைக் காப்பாத்தியிருக்கான். அப்பா என்னைக் காட்டிக் கொடுக்காம இருந்திருக்கார். டப்பாவைப் பூட்டி வெச்சது அவருக்குத் தெரியாதா என்ன? ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச ஒண்ணை நான் ரகசியம்னு நினைச்சுட்டு இருந்திருக்கேன். அவன் மறுபடியும் கத்தியை எடுத்து ஸ்பாஞ்சை வெட்ட ஆரம்பிச்சுட்டான். துப்பாக்கியை வித்துப்போடுன்னு சொல்ல அதுக்கப்புறம் எனக்கு வாய் வரலை.

ஏர்போர்ட்ல கவுண்டர்ல இருந்த அம்மாகிட்ட "துப்பாக்கி இருக்கு"ன்னு அவன் சொன்னப்ப எனக்கு வயித்தைக் கலக்குச்சு. அந்த அம்மா தலையைக் கூட நிமிர்த்தலை. ஒரு அட்டையை நீட்டுச்சு. தோட்டா இல்லைன்னு அதுல கையெழுத்துப் போட்டுப் பெட்டிக்குள்ள வெச்சு, நாலு பூட்டையும் பூட்டினான். சோதனை முடியுற வரைக்கும் கால் மணி நேரம் அங்கேயே நின்னோம். ஒருத்தர் வந்து நாலு மூலையையும் இழுத்துப் பார்த்தார். அசையலை. சரின்னு கையைக் காட்டினார். சாவியைச் சட்டைப்பையில போட்டு மேல்பட்டனை மாட்டினான் மருமகன்.

சான் ஆன்டோனியோவுல இறங்கினப்ப பெட்டி மேல நீளமா ஒரு கீறல், ஒரு மூலையில அடி. உள்ளே எதுவும் அசையலை. இருந்தாலும் பண்ணைக்குப் போனதும் முதல் வேலையா நூறு கஜத்துல காகிதத்தை ஒட்டிச் சுட்டுப் பார்த்தாங்க. பயணத்துல தொலைநோக்கி துளி நகர்ந்தாலும் குறி மாறிடும், குறி தப்பினா அடிபட்ட பன்னி எங்கேயோ போய் வதைபட்டுச் சாகும்னு அந்தப் பண்ணைக்காரர் சொன்னார். ராத்திரி திரும்பி வந்ததும் துப்பாக்கியைத் துடைச்சு வெளியில வெச்சு, பெட்டியை மல்லாத்தித் திறந்து போட்டாங்க. ஸ்பாஞ்ச் ஈரத்தைக் குடிச்சு வெச்சுக்குமாம், அதுக்குள்ளயே கிடந்தா இரும்பு துருப்புடிச்சிடும். வீட்டுக்குப் போனதும் இடம் இரும்பு அலமாரிதான். பெட்டி பயணத்துக்கு மட்டும்.

பன்னி உழுது போட்ட நிலத்தைப் பார்த்தேன். நம்ம கடலைக்காடு மாதிரியேதான். டெக்ஸாஸ்ல நிலத்துக்காரர் சம்மதம் இருந்தா, 2019-ல இருந்து பன்னி சுட வேட்டை லைசென்ஸே வேண்டாம். நம்ம ஊர்ல 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கு. 2025 ஜனவரியில, வன எல்லைக்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால வர்ற பன்னியை வனத்துறை சுடலாம்னு அரசு சொல்லுச்சு. எங்க தோட்டம் எல்லையில இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள இருக்கு. எனக்குத் தகர டப்பா தட்டுறதுதான் கதி. அதைப் பத்தி இன்னொரு நாள் எழுதுறேன்.

ஊருக்கு வந்ததும் அக்கா கேட்டுச்சு, "வித்துப்போடச் சொன்னியா?"

"இல்லக்கா"ன்னு சொல்லி, அலமாரியையும் பெட்டியையும் நாலு பூட்டையும் சொன்னேன். சாவி எங்கே இருக்குன்னு சொன்னேன். அப்புறம் கேப்பு டப்பாவையும் சொன்னேன். அக்கா ரொம்ப நேரம் முந்தானை நுனியைத் திருகிட்டே இருந்துச்சு. "அப்பனை மூணு வருசம் பேசாமப் போட்டனே"ன்னு மட்டும் சொல்லுச்சு. என்னைத் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அக்கா போனப்புறம் வாசல்ல உட்கார்ந்திருந்தேன். எங்க வீட்டுல இப்போ துப்பாக்கி இல்லை. ஆனா திண்ணை மூலையில, நான் கேப்பு டப்பா வெச்ச அதே இடத்துல, மக்காச்சோளப் படைப்புழுவுக்கு அடிச்ச மருந்து அரை பாட்டில் நிக்குது. பக்கத்துல களைக்கொல்லி கேன். மிச்சத்தை யாரோ குளிர்பான பாட்டில்ல ஊத்தி மூடி வெச்சிருக்காங்க. யாரோ என்ன, நான்தான்.

மறுநாள் டவுனுக்குப் போய் வெல்டிங் பட்டறையில 16 கேஜ் தகட்டுல ஒரு பெட்டிக்குச் சொன்னேன். மூணடி உயரம், ரெண்டு பக்கமும் பூட்டு வளையம், மாட்டுக்கொட்டாய்ச் சுவத்துல தலைக்கு மேல போல்ட் போட்டு மாட்டுற மாதிரி. வந்ததும் பூட்டிப்போட்டு நாலு மூலையையும் இழுத்துப் பார்த்தேன். ஒரு மூலை லேசா ஆடுச்சு. திருப்பிக் கொண்டு போய் இன்னொரு வளையம் வைக்கச் சொன்னேன். பட்டறைக்காரர், "மருந்து டப்பாவுக்கு எதுக்குங்க இத்தனை?"ன்னு சிரிச்சார். பெட்டி 3,800 ரூபாய், பூட்டு மூணு தனி.

ஜூன்ல மருமகன் குடும்பத்தோட வர்றான். பொண்ணுக்கு இங்கே ஒரு மாசம் லீவு. சாவி இப்போ என் அரைஞாண் கயித்துல இருக்கு.